துண்டு இல்லாத விமானம்

எங்கள் பிளாக்கில் ஏதாவது ஒரு வீட்டு கேட்டில் சிவப்புத் துண்டு தொங்கினால், அந்தப் பக்கம் யாரும் சத்தம் போட மாட்டோம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். பந்து, சைக்கிள் மணி, சண்டை எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். துண்டை எடுத்ததும் திரும்பி வந்து கத்தித் தீர்ப்போம்.

என் தம்பி பிராங்க்ளினுக்கு நான்கு வயது. இன்னும் ‘அ’ எழுத வராது. ஆனால் துண்டைத் தெரியும். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்கிறார். அவர் பகலில் தூங்கும்போது பிராங்க்ளின் பூனை மாதிரி நடப்பான். துண்டு இல்லாத நாட்களில்? அடேயப்பா, அதை ஏன் கேட்கிறீர்கள்!

அப்படிப்பட்டவனை நாங்கள் விமானத்தில் ஏற்றினோம்.

புனேயில் சித்தியின் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். விடியற்காலையில் நெய்வேலியில் பஸ் ஏறி, மத்தியானம் சென்னையில் விமானம் ஏறினோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் முதல் முறை. ஒரு வாரமாக அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “மேகத்த மேலேர்ந்து பாக்கணும் ஜெனி!” ஜன்னல் சீட் அம்மாவுக்குத்தான் என்று பஸ்ஸிலேயே பேசி முடித்திருந்தோம்.

ஜன்னலைப் பார்த்ததும் பிராங்க்ளின், “எனக்கு!” என்று கீழே உட்கார்ந்துவிட்டான். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். பாவம் அம்மா, விட்டுக்கொடுத்தார். ஜன்னலோரம் அவன், நடுவில் அம்மா, இந்த ஓரத்தில் நான். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அப்பா.

விமானம் மேலே ஏறியது. பிராங்க்ளின் மண் வெட்டும் இயந்திரம் ஆகிவிட்டான்.

“டர்ர்ர்... டமால்!”

முன் சீட்டின் முதுகில் இரண்டு கால்களாலும் ஓர் உதை. அதில் மடக்கி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டைத் திறந்து திறந்து மூடினான். முன் சீட்டில் இருந்தவர் எழுந்து திரும்பினார். பெரிய மீசை. கண்கள் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தன.

“பையனக் கொஞ்சம் பாத்துக்கங்கம்மா.”

“மன்னிச்சுக்கங்க,” என்ற அம்மா, தம்பியின் காலைப் பிடித்தார். “டேய், என்னடா பண்ணிக்கினு இருக்க? சும்மா இரு!”

“துண்டு இல்லையே!” என்றான் அவன். மறுபடியும் டமால்.

அம்மா பிஸ்கட் கொடுத்தார். தின்றுவிட்டு உதைத்தான். “போலீஸ் வருவாங்க” என்று பயமுறுத்தினார். “எங்க, எங்க?” என்று ஆசையாக எட்டிப் பார்த்தான்.

அப்பா போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “வுடு சோபியா, சின்னப் புள்ளதானே,” என்றார்.

மீசைக்காரருக்கு அது கேட்டுவிட்டது. “சின்னப் புள்ளதான் சார். பெரியவங்க நீங்க இருக்கீங்கல்ல?”

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. மேகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட அம்மா, விமானம் கிளம்பியதிலிருந்து தம்பியின் காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்!

மீசைக்காரர் உட்கார்ந்து, கைக்குட்டையைக் கண்மேல் போட்டுக்கொண்டார். சீட் இடுக்கு வழியாக அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் அப்பாவும் இப்படித்தான் படுப்பார்.

பெல்ட் விளக்கு அணைந்திருந்தது. நான் எழுந்து, அம்மாவைத் தாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டேன். “அங்கிள், உங்களுக்கு நைட் ஷிஃப்டா?”

கைக்குட்டையை விலக்கி என்னைப் பார்த்தார். “அப்பிடித்தான் வெச்சுக்கயேன். ஓசூர்லேர்ந்து ராத்திரி பூரா லாரி ஓட்டிக்கினு வந்தேன். புனேல புது லாரி எடுக்கணும். எடுத்த கையோட சென்னைக்குக் கெளம்பணும். இப்ப தூங்குனாத்தான் உண்டு பாப்பா.”

தூங்காத டிரைவர் லாரியை எப்படி ஓட்டுவார்?

“டர்ர்ர்...” பிராங்க்ளின் காலைத் தூக்கினான்.

“உதைக்காதடா! அங்கிள் தூங்கணும்!”

“துண்டு இல்லையே, அக்கா!”

அப்போதுதான் புரிந்தது. அவன் அடம் பிடிக்கவில்லை. விமானம் முழுக்கப் பார்த்துவிட்டான், எங்கேயும் துண்டு இல்லை. துண்டு இல்லாத இடத்தில் ஆடலாம் என்றுதானே வீட்டில் பழக்கியிருக்கிறோம்!

அம்மாவின் பையைக் குடைந்தேன். அவன் வாய் துடைக்கும் சிறிய சிவப்புத் துண்டு கிடைத்தது. அதன் நுனியைச் சாப்பாட்டுத் தட்டின் இடுக்கில் வைத்து மூடினேன். துண்டு அழகாகத் தொங்கியது.

பிராங்க்ளினின் கால் அந்தரத்திலேயே நின்றது.

“நைட் ஷிஃப்டா?” என்று ரகசியமாகக் கேட்டான்.

“ஆமாடா. லாரி அங்கிள்.”

சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டான். கால் தானாக உதைத்துவிடுமோ என்று இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

“நான் தூங்கணும்னு ஒரு பிளாக்கே வாய மூடிக்கினு இருக்குது. எனக்கு எங்க போச்சு புத்தி? நான்தாண்ணே மொதல்லயே எழுந்து வந்திருக்கணும். மன்னிச்சுக்கங்க.”

“பரவால்ல சார்,” என்றார் மீசைக்காரர். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

அப்பா எங்களை இடம் மாற்றினார். நான் அவருடைய சீட்டுக்குப் போனேன். தம்பி என் சீட்டுக்கு வந்தான். அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அப்பா உட்கார்ந்து, விரல்களால் அவனோடு சத்தமில்லாமல் விளையாடினார். அம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டார். “ஜெனி... எம்மாம் மேகம்டி!” என்றார், அதுவும் குசுகுசுவென்று.

புனேயில் விமானம் இறங்கி நின்றது. உடனே எல்லாப் போன்களும் அலறின. எல்லோரும் எழுந்து பெட்டிகளை இழுத்தார்கள். பிராங்க்ளின் சீட்டின் மேல் ஏறி நின்று, வாயில் விரல் வைத்தான்.

“ஷ்ஷ்ஷ்! துண்டு இன்னும் எடுக்கல!”

ஒன்றும் புரியாமல் அத்தனை பேரும் கப்சிப் ஆனார்கள். முன் சீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மீசைக்காரர் எழுந்து, கையை நீட்டித் துண்டை உருவி, தம்பியின் கழுத்தில் போட்டார். அவர் கண்ணில் சிவப்பு குறைந்திருந்தது.

“ஷிஃப்ட் முடிஞ்சுது தம்பி. இப்ப கத்து!”

பிராங்க்ளின் அப்பாவைப் பார்த்தான்.

“கீழ எறங்கிக் கத்தலாம், வா,” என்று அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார்.

படியை விட்டு இறங்கியதும் பிராங்க்ளின், “டர்ர்ர்... டமால்!” என்று ஒரு கத்து கத்தினான்.

“பாய்ங்! பாய்ங்! வழி வுடுங்க!” என்று பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தார் மீசைக்காரர்.