அசையாத கோடு

முதலியார்பேட்டையில் வரலட்சுமியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் வருவார்கள். குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, பிரான்ஸில் வேறு குடும்பம் உண்டா என்பதற்கு மேல் கேள்விகள் போகாது. அதனால் அன்று பிற்பகல் வியர்வையும் அழுகையுமாக ஓர் இளம்பெண் உள்ளே நுழைந்ததும், வரலட்சுமியின் தம்பி விமல்ராஜ் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தான்.

"மாப்பிள்ளை பேரு?"

"மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க. ஆறு மணிக்குள்ள நான் திருடலன்னு நீங்க காட்டணும்."

விமல்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை, மீன்தொட்டிக் கடை என்று மூன்றையும் மூடிவிட்டு வந்த பிறகு, துப்பறிவது தன் ரத்தத்திலேயே இருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான். வரலட்சுமி போலீசில் இருபது வருஷம் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். அவள் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பெண்ணின் பெயர் கலையரசி. கடலோரக் கிராமம். அம்மா தனக்கொடி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கலையரசி நிலநடுக்கத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பூமி அதிர்ந்தால் அந்த அலை மண்ணுக்குள் எப்படி ஓடும் என்பதைக் கணினிக்குள்ளேயே நடத்திப் பார்க்கும் பயிற்சி முகாம் ஒன்று துமாஸ் வீதியில் ஒரு பழைய வீட்டில் நடந்துகொண்டிருந்தது. கணினி தெரிந்த ஒருவர், மண் தெரிந்த ஒருவர் என்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்து வேலை செய்வது அங்கே வழக்கம். ஒருவர் தட்டுவார், மற்றவர் பார்ப்பார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள்.

"எனக்கு ஜோடி வினோத்குமார். எங்க கரையோர மண்ணை வெச்சு மூணு வாரமா கணக்குப் போட்டோம். பெரிய கம்ப்யூட்டர்ல எடம் பத்தாது. முடிஞ்ச கணக்கை டிஸ்க்ல எடுத்துக்கிட்டு, அங்க அழிச்சுட்டு அடுத்தவங்களுக்கு வழிவிடணும். இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தா அந்த டிஸ்க்கைக் காணோம். கடைசியா ஹாலை விட்டு வந்தது நான்தானாம். நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் அதை ஓட்டிக் காட்டணும்."

"ஆறு மணிக்கு என்ன?"

"பிரான்ஸ்ல ஆராய்ச்சி பண்ண எனக்கு எடம் கெடைச்சிருக்கு. என் பேரை எடுத்துடச் சொல்லி முகாம் டைரக்டர் ஆறு மணிக்கு மெயில் அனுப்பப் போறாரு. அது போயிட்டா எனக்கு எல்லாமே போச்சு."

மூவரும் கிளம்பினார்கள். கடலூர் சாலையில் நெரிசல் அசையவே இல்லை. விமல்ராஜ் ஆட்டோவுக்குள் உட்கார மாட்டாமல் நெளிந்தான், கடிகாரத்தைப் பார்த்தான், ஓட்டுநருக்கு வழி சொன்னான். வரலட்சுமி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கும் வினோத்குமாருக்கும் ஏதாச்சும் வாக்குவாதமா?"

"சண்டைன்னு இல்லக்கா. கம்ப்யூட்டருக்குள்ள நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டித்தான் கணக்குப் போடுவோம். எங்க கரை மணல் பொலபொலன்னு இருக்கும், அலை அதுல மெதுவாத்தான் போவும். அதுக்குக் கட்டம் இன்னும் பொடிசா வேணும், இல்லாட்டி வர்ற விடையே தப்புன்னு சொன்னேன். அதெல்லாம் பார்த்துட்டேன், நீ மண்ணைப் பாரு போதும்னாரு."

முகாம் நடந்த வீடு மஞ்சள் சுண்ணாம்பு பூசிய உயரமான வீடு. முற்றத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கலையரசியைக் கண்டதும் பேச்சு நின்றுபோனது. அவள் தூணோரமாக ஒதுங்கி நின்றாள். சமையல்காரர் அம்மாவாசை பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார். விமல்ராஜ் நேரே அவரிடம் போய் நின்றான்.

"சாப்பாட்டு நேரத்துல யாராவது நடுவுல எழுந்து போனாங்களா?"

"ரெண்டு பேரு போனாங்க. சுமலதா மேடம் போன் பேசப் போனாங்க, சார்ஜர் எடுக்கறேன்னு வினோத் தம்பி போச்சு. மத்த எல்லாரும் டைரக்டரோட இங்கதான் உக்காந்திருந்தாங்க. கரண்டு வேற போயிடுச்சு. அந்த ஹால் சுவத்துகிட்ட இருக்குதே, அந்த ஜெனரேட்டரைப் போட்டுட்டாங்க. சாப்பாடு முடியற வரைக்கும் ஓடுச்சு. கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிப் போச்சு."

டைரக்டர் அன்பழகன் கணித மேதை. பிரான்ஸில் படித்தவர். வரலட்சுமியைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"ஹால்ல தரையோட ஓர் அதிர்வுமானி பதிச்சிருக்கோம். ஒருத்தர் நடந்தாலே கோடு துள்ளும். காலையில பாருங்க, எவ்வளவு துள்ளல்! சாப்பாட்டுக்குப் பூட்டினதும், வுவாலா, இதோ பாருங்க, நேர்கோடு. திரும்பத் திறந்த பிறகு மறுபடி துள்ளல். நடுவுல ஒரு காலடி கூட இல்ல. ஆக, பூட்டறதுக்கு முன்னாடியே டிஸ்க் வெளிய போயிருக்கு. கடைசியா வந்தது கலையரசி."

வரலட்சுமி அந்தக் கோட்டையே பார்த்தாள். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது.

"ஒயர் கழண்டிருந்தா?"

"அப்போ படத்துல அந்த இடம் காலியா இருக்கும், கோடே விழாது."

"இந்தப் பதிவு இருக்கிற கம்ப்யூட்டரை யார் யார் திறக்கலாம்?"

"கருவிக்குப் பொறுப்பு சுமலதா, கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு வினோத்குமார். ரெண்டு பேர்கிட்டயும்தான் ஹால் சாவி இருக்கு. நான் கேட்டதால வினோத் இதை எடுத்துக் கொடுத்தார்."

"வேற யார்கிட்ட காட்டினீங்க? கலையரசிகிட்ட காட்டினீங்களா?"

"யாருக்கும் காட்டல. எதுக்குக் காட்டணும்? படமே பேசுதே!"

வெளியே வந்ததும் விமல்ராஜ் அக்காவின் காதைக் கடித்தான். "அந்த சுமலதாதான்க்கா. சாவி இருக்கு, போன்னு சொல்லிட்டு எழுந்து போயிருக்கா. நான் போய் மடக்கட்டுமா?"

"முதல்ல உன் காலாட்டறதை நிறுத்து," என்றாள் வரலட்சுமி. அவளுக்கும் உள்ளே பரபரப்புதான். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

ஹாலில் வினோத்குமார் எழுந்து நின்று வரவேற்றான். மரியாதையான பையன், சட்டை கசங்காதவன். நிலநடுக்கத்தைக் கணினியில் எப்படி உண்டாக்குவது என்று கேட்டதும் உற்சாகமாக ஒரு படத்தை ஓடவிட்டான். திரையில் ஒரு நேர்கோடு, பிறகு திடீரென்று பெரிய துள்ளல்.

"முன்னாடி ஏன் நேர்கோடா இருக்கு?"

"அலை இன்னும் வந்து சேரல மேடம். சேர்ற வரைக்கும் நிலம் சும்மா இருக்கும்."

"நீங்க வெளிய போய்க் கருவியெல்லாம் வெச்சிருக்கீங்களா?"

"எனக்கு வெயில் ஒத்துக்காது. என் நிலநடுக்கமெல்லாம் ஏசி ரூமுக்குள்ளதான்." சிரித்தான். "கலை எடுத்திருக்க மாட்டாங்கன்னுதான் நானும் நினைக்கறேன். ஆனா கருவி பொய் சொல்லாதே மேடம்."

அவன் வெளியே போனதும் சுமலதா வந்தாள். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்ததாம். பத்து வருஷமாக வயலிலும் குன்றிலும் குழி தோண்டி அதிர்வுமானி புதைத்தவள், வெயிலில் கறுத்த முகம். சுவரில் இருந்த திரையில் தரையின் அதிர்வு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. வரலட்சுமி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னாள். விமல்ராஜ் மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டான். துள்ளல் அடங்கியது. ஆனால் கோடு மெல்ல மெல்ல நெளிந்துகொண்டேதான் இருந்தது.

"நாமதான் அசையலையே, இது ஏன் ஆடுது?"

"கடல் மேடம்," என்றாள் சுமலதா. "அலை அடிச்சுக்கிட்டே இருக்குல்ல? அந்த ஆட்டம் தரைக்குள்ள ராவும் பகலும் இருந்துக்கிட்டே இருக்கும். நிலத்துக்கு ஓய்வே கிடையாது."

வரலட்சுமி தம்பியின் பக்கம் திரும்பினாள். "டைரக்டர், வினோத்குமார், கலையரசி மூணு பேரையும் கூட்டிட்டு வா. சீக்கிரம்."

'சீக்கிரம்' என்று அவள் வாயால் சொல்லி விமல்ராஜ் கேட்டதே இல்லை. ஓடினான்.

எல்லோரும் வந்ததும் வரலட்சுமி மதியத்துப் பதிவைச் சுவரில் போடச் சொன்னாள். கலையரசி அண்ணாந்து பார்த்தவள், சட்டென்று சுமலதாவைப் பார்த்தாள். சுமலதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது நிலமே இல்ல சார்!" என்றாள் கலையரசி.

"ஏன்னு நான் சொல்றேன்," என்றாள் வரலட்சுமி. "கரண்டு போனதுல இருந்து சாப்பாடு முடியற வரைக்கும் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடியிருக்கு. டைரக்டர் சார், நீங்களும் அங்கதான் சாப்பிட்டீங்க. காலடிக்கே துள்ளற கோடு ஜெனரேட்டருக்குத் துள்ளாதா?"

அன்பழகன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகில் போனார்.

"ஆக, அந்த நேரத்துப் பதிவை யாரோ அழிச்சுட்டு, அந்த எடத்துல ஒரு கோட்டை இழுத்து வெச்சிருக்காங்க. அந்த நேரத்துல உள்ள வந்து போனவருக்குத்தான் அது தேவை. கலையரசி முன்னாடியே டிஸ்க்கை எடுத்திருந்தா, பூட்டின ஹாலோட பதிவை எதுக்கு அழிக்கணும்? அது அப்படியே இருக்கறதுதானே அவளுக்கு வசதி? ஆக, சாவி உள்ள ரெண்டு பேர்தான் மிச்சம். ரெண்டு பேருமே சாப்பாட்டு நடுவுல எழுந்து போயிருக்காங்க."

விமல்ராஜ் சுமலதாவை முறைத்தான்.

"அவங்களை விடு தம்பி. வாழ்நாள் முழுக்கத் தரையோட ஆட்டத்தைப் பார்த்தவங்க, ஆள் இல்லாத ஹால்னா எப்படி இருக்கும்னு காட்டணும்னா, ராத்திரிப் பதிவுல ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருப்பாங்க. இப்படி ஒரு கோட்டை இழுக்க அவங்களுக்குக் கை வராது. ஆள் இல்லன்னா நிலம் சும்மா இருக்கும்னு நம்பறவர்தான் இதைச் செய்ய முடியும். கம்ப்யூட்டருக்குள்ள நிலம் அப்படித்தான் இருக்கும். அலை வர்ற வரைக்கும் நேர்கோடு. நீங்களே எனக்குக் காட்டினீங்களே, வினோத்குமார்?"

வினோத்குமார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். சுவரில் பக்கத்துத் திரையின் கோடு மட்டும் நெளிந்துகொண்டிருந்தது.

"கட்டம் பெருசா போச்சு மேடம்," என்றான் கடைசியில். "கலை சொன்னதுதான் சரி. மணல்ல வர்ற விடை முழுக்கத் தப்பு. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சது. திரும்பப் போட ஒரு வாரம் ஆகும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் தப்புன்னு நிக்கணும். டிஸ்க் தொலைஞ்சா மறுபடி போடச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். கலை மேல பழி விழும்னு சத்தியமா நினைக்கல."

"விழுந்துச்சே, அப்போ சொன்னீங்களா?" என்று கேட்டாள் கலையரசி.

அவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தான். டிஸ்க் அவனுடைய ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது. விமல்ராஜே போய் எடுத்து வந்தான்.

"எனக்கு ஒருவாட்டி அந்தப் படத்தைக் காட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேன் சார்," என்றாள் கலையரசி டைரக்டரிடம். அவளுக்கு மறுபடி அழுகை வந்தது. "ஜோடியா உக்காந்து வேலை செய்யணும், ஒருத்தர் பார்க்கறதை இன்னொருத்தரும் பார்க்கணும்னு மூணு வாரமா நீங்கதான் சொன்னீங்க. திருட்டுப்பட்டம் கட்டும்போது மட்டும் நான் பார்க்க வேணாமா?"

அன்பழகனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. பிரான்ஸுக்கு எந்த மெயிலும் போகாது என்றார். மன்னித்துக்கொள் என்றார். தப்பான கணக்கையே நாளைக்குக் காட்டி, எங்கே தவறியது என்று அவளே விளக்கலாம், அதுவும் ஒரு பாடம்தான் என்றார். எல்லாவற்றுக்கும் கலையரசி தலையை ஆட்டினாள். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"வெளிய எல்லாரும் நிக்கறாங்க சார். அவங்க முன்னாடிதான் என்னைத் திருடின்னு சொன்னீங்க."

"சரி, நாளைக்குக் காலையில ஆரம்பிக்கும்போது சொல்லிடறேன்."

"திருடின்னு இன்னிக்குத்தானே சார் சொன்னீங்க?"

அன்பழகன் வரலட்சுமியைப் பார்த்தார். அவளிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து முற்றத்துக்கு நடந்தார். கலையரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போய், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நின்றாள்.