கைதி ஏறும் படி

கிரிம்ஸ்டல் டவுன் ஹாலுக்கு டோரீன் வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மகள் பெத்தனிக்குக் கல்யாணம். தலையில் வாடகைத் தொப்பி, காலில் கடிக்கும் செருப்பு.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவன் பெரிய கெட்டிக்காரனாம். முன்பு அங்கே கோர்ட்டும் இருந்ததால் நீதிபதிக்கு ஒரு படிக்கட்டு, ஊராருக்கு ஒரு படிக்கட்டு, கைதிக்கு ஒரு படிக்கட்டு என்று தனித்தனியாக வைத்தான். கைதியின் படி நிலவறையிலிருந்து நேரே கூண்டுக்குள் திறக்கும். கோர்ட் போய்க் கல்யாண மண்டபமானதும் கூண்டைப் பிடுங்கி, படியின் வாயைப் பலகை போட்டு மூடி, மேலே சிவப்புக் கம்பளத்தை விரித்துவிட்டார்கள். மணமக்களை நிறுத்துவது சரியாக அந்தக் கம்பளத்தின் மேல்! எந்த மகராசனுக்கு உதித்த யோசனையோ.

"மாப்பிள்ளை ஆயுள் தண்டனைக் கைதி மாதிரி அங்க நிக்கணும், வேற வழியில்ல" என்று வாசல் காவலாளி நார்மன் வருகிற எல்லோரிடமும் சொல்வான். டோரீனிடம் கூடுதலாக ஒன்று சொன்னான். "அந்தக் காலத்துல ஒருத்தி புருஷன் அடிக்கிறான்னு முறையிட வந்தாளாம். கோர்ட்ல கூச்சல் போட்டதுக்கு அவளையே கீழ அடைச்சாங்க. காவக்காரன் அந்தப் படியிலேயே அடிச்சுக் கொன்னுட்டான். அவ வழக்கைக் கடைசி வரைக்கும் யாரும் கேக்கலியே!"

"நல்ல நாளும் அதுவுமா சொல்ற கதையா இது?" என்று சிடுசிடுத்துவிட்டு டோரீன் ஒப்பனை அறைக்குள் போனாள்.

உள்ளே பெத்தனி கழுத்துவரை பூட்டிய சரிகைக் கவுனைத் தளர்த்திப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். கழுத்தில் நான்கு விரல், ஒரு கட்டைவிரல். ஊதா நிறத்தில் பதிந்திருந்தன.

டோரீன் அவள் கையைப் பிடித்தாள். "வா, பின்பக்கமாப் போயிடலாம். இப்பவே."

"போனா தேடி வந்து கொன்னுடுவேன்னு சொல்லியிருக்கான். செய்வான்மா. நீ வாயத் தெறக்காத, ப்ளீஸ்."

பெற்ற வயிறு இதை எப்படித் தாங்கும்? ஆனாலும் தாங்கிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். இன்று கையெழுத்தானால் இந்தப் பெண் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

கம்பளத்தின் மேல் நின்ற மாப்பிள்ளை டேரன் திரும்பிக் கண்ணடித்தான். "என்ன டோரீன், சாவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்க?"

பதிவாளர் திருமதி ஹெப்பிள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு சட்டப்படி காரணம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

இந்த இடத்தில் எவனாவது வேண்டுமென்றே இருமுவதும் கூட்டம் சிரிப்பதும் அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளைத் தோழன் இருமினான். எல்லோரும் சிரித்தார்கள்.

தரைக்கு அடியிலிருந்து யாரோ தட்டினார்கள்.

சிரிப்பு அடங்கியது. ஈரச் சுண்ணாம்பும் பழைய மூத்திரமும் கலந்த வாடை கம்பளத்திலிருந்து எழுந்தது.

மறுபடியும் தட்டல். இந்த முறை பொறுமையில்லாமல்.

"தண்ணிக் குழாயா இருக்கும்" என்றாள் ஹெப்பிள்.

டோரீன் எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "எனக்குக் காரணம் தெரியும். இவன் என் பொண்ண அடிக்கிறான். அவ கழுத்தப் பாருங்க!"

ஹெப்பிள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மன்னிக்கணும். அது... அது சட்டப்படி தடை ஆகாதுங்க."

"கேட்டுதா?" டேரன் சிரித்தான். பெத்தனியின் கையை முறுக்கிப் பிடித்தான். "உக்காருடி கெழவி."

கம்பளம் கிழிந்தது.

ஆணிகள் தெறித்தன. ஒன்று தோழனின் கன்னத்தில் ஏறியது. பலகை பிளந்து ஒரு வெளுத்த கை மேலே வந்து டேரனின் கணுக்காலைப் பற்றியது. விறகு முறிகிற சத்தம். விறகல்ல, அவன் எலும்பு.

பெத்தனியை விட்டுவிட்டு அலறினான். அந்தக் கை கீழே இழுத்தது. பலகைச் சிலாம்புகள் தொடையைக் கீறிக்கொண்டு போயின. கால்சட்டை இடுப்புவரை சிவந்தது. ஓட்டையின் விளிம்பில் தாடை மோதிப் பற்கள் சிதறின.

அவன் நீட்டிய கை டோரீனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

அவளும் பிடித்தாள். என்ன இருந்தாலும் மனுஷ உயிராயிற்றே! மண்டியிட்டு, மூச்சுப் பிடித்து இழுத்தாள்.

"விட்ராதீங்க... விட்ராதீங்க..." ரத்தம் கொப்பளிக்கும் வாயோடு அவன் கெஞ்சினான்.

அவன் தோளுக்குப் பின்னால், இருட்டில், ஒரு பெண் முகம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மீதிக் கண் டோரீனையே பார்த்தது. அதில் கோபமில்லை. கேள்வி இருந்தது.

"அம்மா." பெத்தனியின் குரல் காதருகே கேட்டது. "விடும்மா."

டோரீன் விரல்களைத் திறந்தாள்.

அவன் தலை ஒவ்வொரு படியாக மோதிக்கொண்டு இறங்குவது எல்லோருக்கும் கேட்டது. கடைசி மோதல் ஒரு மாதிரி சதசதவென்று இருந்தது. பிறகு ஒன்றுமில்லை.

போலீஸ் வந்து மிச்சப் பலகையைப் பெயர்த்தது. அடியில் படியே தெரியவில்லை. எப்போதோ கல்லும் செங்கல்லும் கொட்டி மேல்வரை கெட்டியாக அடைத்திருந்தார்கள். எலி நுழைய இடமில்லை; டேரனையும் காணவில்லை. நார்மன் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான்.

சாயங்காலம் ஒரு பெண் போலீஸ் தாயையும் மகளையும் காரில் வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆளுக்கொரு ஜன்னல் ஓரமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். பெத்தனி நடுவே சாய்ந்து உடனே தூங்கிப்போனாள். இத்தனை நிம்மதியாக அவள் தூங்கி டோரீன் பார்த்து எத்தனை நாளாயிற்று. தலை அந்தரத்தில் இருந்தது. ஆனால் சரியவில்லை.

பெண் போலீஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். "நடுவுல இருக்கறவங்களும் பெல்ட் போட்டுக்கணும்மா."

டோரீன் திரும்பி நடு இருக்கையைப் பார்த்தாள், யாருமில்லை. காருக்குள் ஈரச் சுண்ணாம்பு வாடை.

கையை நீட்டி நடு பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அது காலி இருக்கையில் தொய்ந்து விழவில்லை. ஒரு மெலிந்த வயிற்றைச் சுற்றி இறுகி நின்று, மெல்ல ஏறி இறங்கியது.