நாலு வெள்ளைப் புள்ளிகள்

டெலிபோன் அலறியது!

"லென்ஸ் சார்... ஜிம் ஓனர் செத்துக் கிடக்கறாரு! டம்பெல்லால மண்டையில ஒரே போடு!"

பேசியது இன்ஸ்பெக்டர். பெண்மணி.

"எந்த ஜிம், மேடம்?"

"உங்க வீட்டம்மா போற ஜிம்தான். தரையில ஒரே ஒரு ரத்த ஷூத்தடம். போட்டோ அனுப்பறேன். நேத்து கோச்சுக்கும் ஓனருக்கும் அடிதடி. கோச்சோட ஷூ போட்டோவும் வருது. பொருந்துதான்னு பாருங்க."

கோச்!

தடய லேபில் 'லென்ஸ்' என்று பட்டப்பெயர் வாங்கிய அவருக்கு வயிறு எரிந்தது. மூன்று மாதமாக வீட்டில் அந்தப் புராணம்தான். கோச் சொன்னாரு, சர்க்கரையைக் குறைக்கணுமாம்... கோச் சொன்னாரு, உங்களுக்குத் தொப்பையாம்...

மறுபடி போன். மனைவி! அழுத குரல்.

"என்னங்க... கோச்சைப் பிடிச்சு உக்கார வச்சிருக்காங்களாம். பாவம்ங்க அவரு!"

"பாவமா? போனை வை. நான் பாத்துக்கறேன்!"

பார்த்தார்.

ரத்தத் தடம், ஷூவின் அடிப்பாகம்... இரண்டு படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கினார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். திருப்பினார். நகர்த்தினார்.

கோடுகள் ஒரே தினுசு. இருக்காதா பின்னே? கோச், மெம்பர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஷூ கொடுத்தவர் ஓனர்!

ஆனால் தடம் சின்னது. கோச் கால் பெரியது.

சே!

திரையில் ஒரு கட்டம். 'அளவை மாற்றலாமா?'

டிக் அடித்தார்.

தடம் ரப்பர் மாதிரி விரிந்தது... கோச்சின் ஷூ மேல் கச்சிதமாக உட்கார்ந்தது!

தடத்தின் குதிகாலில் மட்டும் ஒரு வெள்ளைக் கீறல். கோச்சின் ஷூவில் அது இல்லை. நாலே நாலு புள்ளி. கறுப்பு அடித்தார்.

'நூற்றுக்கு நூறு பொருந்துகிறது.' ரிப்போர்ட் பறந்தது.

மாட்டினான்!

மதியம் இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"பிரமாதம் சார். ஒரே ஒரு டவுட்டு. தடத்துக்குப் பக்கத்துல நான் வச்ச ஸ்கேல் எங்க?"

"அது... இடைஞ்சலா இருந்துச்சு. வெட்டிட்டேன்."

"என் செல்லுல அப்படியே இருக்கே! தடம் ஆறாம் நம்பர். கோச்சுக்குப் பத்து. ஒரே காலைல நாலு நம்பர் வளர்ந்துடுமா சார்?"

லென்ஸ் அவசரமாகத் திரையை அணைத்தார்.

"அந்த ஜிம்ல ஆறாம் நம்பர் ஒரே ஆளுக்குத்தான். போய் எடுத்துட்டேன். குதிகால்ல கீறலோட... உங்க வீட்டு ஷூ ஸ்டாண்டுலேர்ந்து!"

"எ... என் வீட்டுலயா?"

"வீட்டம்மா ஒத்துக்கிட்டாங்க. ஓனரோட மூணு மாசமாப் பழக்கம். புதுசா ஒருத்தி ஜிம்ல சேர்ந்தா. ஓனர் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு. பொறாமை சார்! தூக்கிட்டாங்க டம்பெல்லை."

"ஓனரா? அப்ப... கோச் இல்லையா?"

"கோச்சா? 'ஒரு குடும்பத்தைக் கெடுக்கறியே, நீ மனுஷனா?'ன்னு ஓனர் சட்டையைப் பிடிச்சதே அவர்தான். உங்களுக்காக!"

லென்ஸ் கைகூப்பினார்.

"மேடம்... சத்தியமாச் சொல்றேன். நான் அவளைக் காப்பாத்த இதைப் பண்ணல! அந்தக் கோச்சை மாட்டிவிடத்தான்..."

"யாரு நம்புவா? அவங்க ஷூவுல இருந்த கீறலை நீங்களே அழிச்சிருக்கீங்க. ரிப்போர்ட்டைக் காட்டினேன். 'எனக்காக வேலையையே பணயம் வச்சிருக்காரே, இந்த மனுஷனைப் போய்ப் புரிஞ்சுக்காம இருந்துட்டேனே'ன்னு தேம்பித் தேம்பி அழறாங்க சார்!"

விலங்கு மாட்டப்பட்டது.

லென்ஸ் ஈனக்குரலில் கேட்டார். "அவளும் நானும்... ஒரே ஜெயில்தானா மேடம்?"

"அவங்களுக்கு லேடீஸ் ஜெயில். நீங்க நிம்மதியாத் தூங்குங்க சார்... அங்க எந்தக் கோச்சையும் உள்ள விட மாட்டாங்க!"