மெராவின் நாற்பத்துநான்கு கற்கள்

பாதிப் புத்தகம் கப்பல் ஏறாது என்று ஊர்ச்சபை சொல்லிவிட்டது. கப்பல் நாளை மறுநாள் விடியற்காலையில் வருகிறது. அதை விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்தது. ஜெனோவாவுக்கு அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி இன்னும் ஐந்து நாளில் முடிகிறது.

வெலுவா, பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டின் வடகோடியில் கிடக்கும் சின்னத் தீவு. அதன் மொழியைப் பேச இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மிச்சம். அந்த மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுத வந்தவள் ஜெனோவா. தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, வயது முப்பத்தொன்று. ஏழு மாதத்தில் மூவாயிரம் சொற்கள் சேர்த்திருந்தாள். ஒலிப்பதிவுக் கருவி மூன்றாம் மாதமே உப்புக்காற்றில் செத்துப்போய்விட்டது. பிறகு பென்சிலும் நோட்டும்தான்.

சபைத் தலைவர் எலியாஸ் அந்த நோட்டுகளை முழங்கால்மேல் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். மெராவ் கற்கள் எங்கே? மெராவ் என்பது எதிரே கடலில் தெரியும் ஆளில்லாத திட்டு. அதைச் சுற்றி முழுக்கப் பவளப்பார், நீருக்கடியில் பாறையாக நிற்கும் பவளம். உள்ளே போக, வெளியே வர, நாற்பத்துநான்கு கற்களை அடையாளம் வைத்துத்தான் ஓடத்தைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் பேர் உண்டு. அந்தப் பேர்கள்தான் ஊரின் சொத்து என்று எலியாஸ் சொன்னார். தலையில்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாயா என்றும் கேட்டார்.

பேர்களை அங்கேயே சொல்லச் சொன்னால் யாரும் வாய் திறக்கவில்லை. கல் கண்ணில் படும்போது மட்டும்தான் கல்லின் பேரைச் சொல்ல வேண்டும். கரையில் உட்கார்ந்து சொல்கிறவன் பொய்யன். இது அந்த ஊர்ச் சட்டம். ஜெனோவா இத்தனை நாள் மெராவுக்குப் போகாததற்கும் ஒரு சட்டம்தான் காரணம். ஒரு வருஷத்துக்கு முன்னால் சைலஸ் என்ற பள்ளி ஆசிரியர் காய்ச்சலில் இறந்தபோது, துக்கத்துக்காக மெராவ் வழியில் தடை இலை கட்டிவிட்டார்கள். சைலஸும் சொல் சேர்த்தவர். கற்களின் பேரையெல்லாம் எழுதித் தகரப் பெட்டியில் பூட்டி மெராவ் குகையில் வைத்திருந்தார் என்று ஊருக்கே தெரியும். கல்லின் பேர் கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்த மனிதர்.

நேற்று வருஷம் திரும்பியது. இலையை அவிழ்த்தார்கள்.

"பெட்டியைக் கொண்டு வா. நாப்பத்துநாலும் இருந்தா உன் புத்தகம் போகட்டும்" என்றார் எலியாஸ்.

கூட்டிப்போக வோகோன் ஒத்துக்கொண்டான். ஐம்பது வயது, அகன்ற தோள், சொற்சிக்கனம். முறைப்படி அவன் ஜெனோவாவுக்குத் தாய்மாமன். அவனுடைய அக்கா ரோவெய், வந்த மூன்றாம் நாளே ஜெனோவாவை மகளாக ஏற்றுக்கொண்டு தன் வீட்டில் வைத்திருந்தாள். அந்த ஊரில் பெரியவர்களாகிவிட்ட அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசக்கூடாது. அக்கா குரல் வரும் பக்கம் தம்பி நிற்கவும் கூடாது. அது பகை அல்ல, மரியாதை. முப்பத்தைந்து வருஷமாக ரோவெய் சமைத்ததில் ஒரு பங்கு பிள்ளைகள் கையில் வோகோன் வீட்டுக்குப் போகிறது. அவன் பிடித்த மீன் அதே வழியில் திரும்பி வருகிறது. பேச்சு மட்டும் போனதில்லை.

மறுநாள் விடிந்ததும் நீர் ஏறி நின்றது. பக்கக்கட்டை வைத்த சின்ன ஓடத்தில் ஜெனோவா முன்பக்க அணியத்தில் உட்கார்ந்தாள். வோகோன் பின்னால் இருந்து துடுப்பு போட்டான். முக்கால் மணி நேரத்தில் பார் வந்தது. தண்ணீர் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. அதன் அடியில் கறுப்புத் தலைகள் தெரிந்தன.

வோகோன் முதல் தடவையாக வாய் திறந்தான். "பன்றிமூக்கு" என்றான். ஓடம் இடப்பக்கம் திரும்பியது. "தும்முகிறவன்." நேராகப் போனது. சொன்ன மாதிரியே அந்தக் கல் அலை வரும்போதெல்லாம் தும்மித் தண்ணீர் தெளித்தது. ஜெனோவா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுதினாள். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லை. இருபத்தைந்தாவது பேரைச் சொன்னபோது ஓடம் மணலில் முட்டியது.

"மிச்சம் பத்தொன்பது?" என்று கேட்டாள்.

"அது வெளியே போற வழி. நீர் வத்தினாத்தான் அந்தக் கல்லெல்லாம் தலை காட்டும். நாங்க ஆம்பிளைங்க அப்படி வாரதில்லை. ஏத்தத்துல வந்து ஏத்தத்துலயே திரும்பிருவோம்."

"அப்ப பேரு?"

"சைலஸ் எழுதியிருந்தா உண்டு" என்றான் வோகோன்.

குகை என்பது ஆள் குனிந்து நுழையக்கூடிய ஒரு பொந்துதான். ஒரு வருஷத்து அலை அதை மணலாலும் உடைந்த பவளத்தாலும் பாதிக்குமேல் அடைத்து வைத்திருந்தது. இரண்டு பேரும் கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும் அள்ளினார்கள். ஜெனோவாவின் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. மாமன் அதைப் பார்த்துவிட்டு, பேனா பிடிக்கிற கை இதுக்கு ஆகாது, தள்ளு என்றான். அவள் தள்ளவில்லை. இரண்டு மணி நேரத்தில் தகரம் தட்டுப்பட்டது.

பெட்டி துருப்பிடித்திருந்தது. மூடியை மெழுகு வைத்து அடைத்திருந்ததால் உள்ளே ஈரம் ஏறவில்லை. ஒரே ஒரு நோட்டு. சைலஸின் எழுத்து பள்ளிக்கூட வாத்தியார் எழுத்து, கோடு தாண்டாது. ஒன்றிலிருந்து இருபத்தைந்துவரை வோகோன் சொன்னதும் அவர் எழுதியதும் அப்படியே பொருந்தின. அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண் போட்டிருந்தது. எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. நாற்பத்துநான்குவரை அப்படித்தான். வெற்றுக் கோடுகள்.

ஜெனோவா மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாத உழைப்பு இந்தப் பத்தொன்பது கோடுகளில் போய் நின்றது. வெளியே பார்த்தால் அதைவிட மோசம். நீர் வற்றிக்கொண்டிருந்தது. வந்த வழி முழுக்கக் கூரான பவளம் முதுகு காட்டியது. மாலை ஏற்றத்துக்குக் காத்திருந்தால் பாதி வழியில் இருட்டிவிடும். கல் தெரியாது. விடியும்வரை இருந்தால் கப்பல் போய்விடும்.

"சைலஸ் ஏன் எழுதல?"

 வோகோன் தன் அளவில் நீளமான பேச்சு ஒன்றைப் பேசினான். வற்றிய நீரில் பாருக்குள் வருவது பெண்கள். சிப்பி பொறுக்க வருவார்கள். வெளியே போகிற கற்களுக்குப் பேர் வைத்தது அவர்கள்தான். அந்தப் பெண்கள் எல்லாம் சைலஸுக்கு அக்கா தங்கை முறை. அவர் எப்படிக் கேட்பார்?

 ஜெனோவாவின் பழைய நோட்டு ஒன்றில், வந்த முதல் மாதம், அவளே எழுதிய வரி இருந்தது: 'பெண்களிடம் கடற்சொற்கள் இல்லை.' யாரையும் கேட்டு எழுதியதல்ல. அவள் ஊரில் பெண்கள் மீனை ஏலம் எடுப்பார்கள், கருவாடு போடுவார்கள், கடல்மேல் போன ஆணுக்காகக் கரையில் நிற்பார்கள். ஓடத்தில் ஏறமாட்டார்கள். எங்கும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டாள். ரோவெய் வீட்டில் ஏழு மாதம் சேப்பங்கிழங்கு தின்றாள். கிழங்கைப் பற்றி நூறு சொல் கேட்டாள். கடலைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"இன்னிக்குப் பெரிய வத்தம். இலையும் அவுத்தாச்சு" என்றான் வோகோன். சொல்லிவிட்டு, திட்டின் மறுபக்கத்தைப் பாராமல் குகை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

அவள் மேட்டில் ஏறிப் பார்த்தாள். ஓடங்களை ஓரமாக நிறுத்திவிட்டு, பாரின்மேல் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பின் திறந்த பார். யார் விடுவார்கள்? நடுவில் சிவப்புச் சட்டை போட்டவள் ரோவெய்.

முழங்கால் நீரில் ஓடி அவளிடம் போனபோது ரோவெய் கூடையைக் கீழே வைக்கவில்லை. தம்பியின் ஓடம் மணலில் கிடப்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தாள். ஜெனோவா வெற்றுப் பக்கத்தைக் காட்டினாள். வெளியே போகிற வழி வேண்டும், பேர் வேண்டும் என்றாள்.

ரோவெய் வெலுவா மொழியில்தான் பேசினாள். ஆனால் அவள் கூப்பிட்ட விதம் ஜெனோவாவின் காதில் எப்போதும் தூத்துக்குடிப் பேச்சாகவே விழும்.

"ஏட்டி, ஏழு மாசமா என் அடுப்பங்கரையில இருந்தே. ஒரு நாளாவது கேட்டியா?"

"கேக்கல. தப்புதான்."

"கிழங்கு அவிக்கிறதை மட்டும் நோண்டி நோண்டிக் கேட்டே. எங்களுக்குக் கிழங்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சியோ?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள்.  

ரோவெய் சிப்பி ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டுக் கேட்டாள், "புத்தகத்துல போட்டா ஆம்பிளைங்க படிப்பாங்கள்ல?"

"படிப்பாங்க."

"படிக்கட்டும். என் பேரையும் போடு. சைலஸ் எழுதாததை ரோவெய் சொன்னான்னு போடு."

சிக்கல் ஒன்றுதான் பாக்கி. அக்கா வழி சொல்ல வேண்டும். தம்பி ஓடம் விட வேண்டும். அக்காவின் குரல் தம்பி காதில் விழக்கூடாது. ஓடத்தை இழுத்துக்கொண்டு வந்தபோது வோகோன் அதற்கு வழி கண்டுபிடித்திருந்தான். தலையை முழங்கால்வரை தாழ்த்தி, கண்ணை ஜெனோவாவின் கைமேல் மட்டும் வைத்து, உரக்கப் பாட ஆரம்பித்தான். மாதா கோயில் பாட்டுதான். அந்தக் குரலில் அதைக் கேட்டால் மாதாவே எழுந்து வெளியே போயிருப்பாள்.

முன்னால் ரோவெயின் ஓடம். அவள் திரும்பவே இல்லை. கல்லைப் பார்த்து, கடலைப் பார்த்துப் பேர் சொன்னாள். ஜெனோவா நடுவில். காதால் முன்னால் வரும் பேரை வாங்கி, வலக்கையால் எழுதி, இடக்கையால் பின்னால் இருப்பவனுக்குத் திசை காட்டினாள். கை இடப்பக்கம் சாய்ந்தால் ஓடம் இடப்பக்கம். கை நின்றால் துடுப்பும் நின்றது.

ஆண்கள் வைத்த பேர்களில் பன்றியும் சுறாவும் வீரனும் இருந்தார்கள். இவை வேறு மாதிரி. 'நாத்தனார் பல்' என்ற கல் நீருக்கு ஒரு விரல் கீழே கூராக நின்றது. 'சோம்பேறிப் புருஷன்' தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். முப்பத்தாறாவது 'பிள்ளையை இறக்கி வை'. அங்கே நீர் கணுக்காலளவுதான். எல்லாரும் இறங்கி ஓடத்தைத் தூக்க வேண்டும். ரோவெய் தன் ஓடத்தைத் தூக்கிப்போன பிறகு தூரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றாள். வோகோனும் ஜெனோவாவும் பின்னால் தூக்கினார்கள். தூக்கும்போதும் அவன் பாட்டை நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியதால் இன்னும் மோசமாகப் பாடினான்.

நாற்பத்தொன்றில் ஜெனோவாவின் கை ஒரு நொடி பிந்தியது. பக்கக்கட்டை பவளத்தில் உரசி ஒரு கயிறு தெறித்தது. வோகோன் பாடியபடியே காலால் கட்டையை மிதித்துப் பிடித்துக்கொண்டான். நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. நாற்பத்துநான்காவது கல்லைத் தாண்டியதும் தண்ணீர் பச்சையிலிருந்து நீலமானது. ரோவெய் துடுப்பை ஒருமுறை உயர்த்தினாள். பிறகு மறுபக்கம் திரும்பிச் சிப்பி பொறுக்கும் பெண்களிடம் போய்விட்டாள். வோகோன் அப்போதுதான் வாயை மூடினான்.

அன்று மாலை சபை கூடியது. பேர்களைப் படித்துக் காட்டவும் முடியாது. கல்தான் கண்ணெதிரே இல்லையே. எலியாஸ் ஜெனோவாவின் நோட்டை வாங்கி வரிகளை விரலால் எண்ணினார். முதல் பக்கத்தில் இருபத்தைந்து. அடுத்த பக்கத்தை அவர் எண்ணவில்லை. ரோவெயின் பக்கம் அனுப்பினார். எழுத்துத் தெரியாத ரோவெய் ஒவ்வொரு கோட்டிலும் விரலை வைத்து, உதடு அசையாமல், பத்தொன்பது என்று எண்ணித் தலையசைத்தாள்.

புத்தகம் போகலாம் என்றார் எலியாஸ். கூட்டம் கைதட்டியது. யாரோ பன்றி அறுக்க ஓடினார்கள்.

வற்றிய நீரில் எப்படி வெளியே வந்தாய் என்று எலியாஸ் வோகோனைக் கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"மருமக கையைக் காட்டினா" என்றான் வோகோன். "நான் பாடிக்கிட்டு வந்தேன்."

விடியற்காலையில் கப்பல் வந்தது. மூட்டையோடு ஏறிய ஜெனோவா முதல் வேலையாகப் பழைய நோட்டை எடுத்து, 'பெண்களிடம் கடற்சொற்கள் இல்லை' என்ற வரியை அடித்தாள். பக்கத்தில், 'நான் கேட்கவில்லை' என்று எழுதினாள். மொழியைத் தேடி எட்டாயிரம் மைல் வந்தவள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே இருந்த எட்டடியைத் தாண்டவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கப்பல் மெராவைச் சுற்றிக்கொண்டு போனது. அதற்குள் நீர் நன்றாக இறங்கியிருந்தது. பாரின் ஓரத்தில் ஒரு கறுத்த தலை மட்டும் மெல்ல வெளியே வந்து மல்லாந்து கிடந்தது. ஜெனோவா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கல் கண்ணெதிரே இருந்தது. இப்போது சொல்லலாம்.

அவள் வெலுவா மொழியில், வாய்விட்டு, அந்தச் சோம்பேறியின் பேரைச் சொன்னாள்.