அரிசி மில்லின் வெள்ளை அங்கி

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் இருந்த ஏகாம்பரத்தின் துப்பறியும் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். மணியம்மா அப்படி வந்தவள் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. உதவியாளர் பிரேமலதா நாற்காலியை இழுத்துப் போட்டும் அவள் உட்காரவில்லை.

“எம் புள்ள மேல கேஸ் எழுதப் போறாங்க சார். அவன் ஒண்ணும் பண்ணல,” என்றாள்.

மீதியை ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டு வாங்கினார். வரதய்யபாளையத்தை ஒட்டிய காலனியில் அவள் வீடு. கூலி வேலை, கொஞ்சம் கத்தரித் தோட்டம். மகன் கோபிகிருஷ்ணன் ஐ.டி.ஐ. முடித்தவன். ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. போலீஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கி. அது வரும்வரை, ஊரில் பெரிய வீட்டு ஹரிபிரசாத் நடத்திய ‘பேய் டூரில்’ பேயாக வேலை பார்த்தான்.

ஹரிபிரசாத் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். வெள்ளைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பேய்த் திருநாள் கொண்டாடுகிறார்கள் என்றால் நாம் வாராவாரம் கொண்டாடலாமே என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. சனிக்கிழமைகளில் கம்பெனி ஆட்களை வேனில் ஏற்றிப் புளியந்தோப்பு, பாழடைந்த பங்களா, கடைசியாகத் தாத்தா காலத்து அரிசி மில் என்று சுற்றிக் காட்டினான். காசு கொடுத்துப் பயப்படவும் கூட்டம் வரத்தான் செய்தது.

போன சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டியருகே பேய் பாய்ந்தது. கலைவாணி என்ற பெண் மிரண்டு பின்வாங்கி, வறண்ட தொட்டிக்குள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். கோபி குடித்துவிட்டு வந்து, சொல்லாத இடத்தில் பாய்ந்தான் என்று ஹரிபிரசாத் புகார் கொடுத்துவிட்டான். வழக்குப் பதிவானால் நற்சான்று வராது, வேலையும் போய்விடும்.

“அன்னிக்கு அவன் அந்தப் பக்கமே போகல சார். செல்லியம்மாளுக்குக் காப்புக் கட்டிக்கினு கோயில்ல இருந்தான். காப்புக் கட்டினவன் பேய் வேஷம் போடுவானா?”

காலனியே அதற்குச் சாட்சிதான். ஆனால் காலனிக்காரர்கள் காலனிப் பையனை விட்டுக்கொடுப்பார்களா என்று அந்தச் சாட்சியை ஒதுக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையே ஏகாம்பரமும் பிரேமலதாவும் புறப்பட்டார்கள். முதலில் திருப்பதி ஆஸ்பத்திரி. ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கலைவாணி, அசையாமல் படுத்தபடி பேசினாள். பேயின் முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, தலையில் டோப்பா, யாரென்று தெரியவில்லை. தொட்டிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டிருக்கிறாள். பேய் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதைச் சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பிரேமலதாவால் அங்கே நிற்க முடியவில்லை.

காலனியில் கோபி கோயில் வாசலில் இருந்தான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கோத்த கயிறு. காப்புக் கட்டியவர்களுக்குத் தினமும் பொழுது இறங்குமுன் பூசாரி பச்சை மஞ்சளை அரைத்துக் கயிற்றின் மேலேயே வழித்துப் பூசுவாராம். திருவிழா முடியும்வரை அதைக் கழுவக்கூடாது. கோபி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். எவர்சில்வர் டம்ளரில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. ஏகாம்பரம் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் பேயின் அங்கியை எடுத்துக் காட்டினார்கள். மில்லில் கிடந்ததாம். பழையது கிழிந்துபோனதால் அன்றுதான் தைத்து வந்த புதுத் துணி. கை நீளம், மணிக்கட்டில் இறுக்கமாகப் பொத்தான். கழுத்துப் பட்டியில் முகப்பூச்சு அப்பியிருந்தது. பிரேமலதா முடி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள். ஏகாம்பரம் இரண்டு கைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்த்தார். பிறகு ஒழுங்காக மடித்து, மில்லுக்கு எடுத்துவர முடியுமா என்று சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

மாலை அரிசி மில்லில் எல்லோரும் கூடினார்கள். கூட்டத்துக்கு வழிகாட்டும் கிரண்குமாரும் வந்திருந்தான். ஹரிபிரசாத், தாய் வயதுக்காரியை “மணியம்மா, தள்ளி நில்லு,” என்று பேர் சொல்லித்தான் அதட்டினான்.

ஏகாம்பரம் அவனிடம் மரியாதையாகவே பேசினார். “கோபி காப்புக் கட்டியிருந்ததால வரவே இல்லைன்னு சொல்றான். நீங்க பார்த்தப்ப கையில காப்பு இருந்துதா?”

ஹரிபிரசாத் ஒரு கணம் யோசித்தான். “இருந்தது சார். அதோடதான் வந்தான். சாமிக்குக் கட்டிக்கினு குடிச்சிட்டு வந்து நிக்கிறியேன்னு திட்டினேன். அந்தக் கயிறு மேலதான் பட்டன் போட்டேன், என் கையாலயே.”

“எந்தக் கை?”

“ரைட் ஹேண்ட்.”

“உங்க கையில மஞ்சள் ஒட்டிக்கலையா?”

“இல்லியே.”

ஏகாம்பரம் கோபியைக் கூப்பிட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையை அவன் மணிக்கட்டில் சுற்றி லேசாக அழுத்தி எடுத்தார். கைக்குட்டையில் பட்டையாக மஞ்சள். பிறகு அங்கியின் வலது கையைத் திருப்பி சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அது தைத்து வந்தபடியே வெளுப்பாக இருந்தது.

“துவைச்சிருக்கலாமே சார்?” என்று பிரேமலதா கேட்டாள்.

“துவைச்சிருந்தா கழுத்துல பூச்சு இருக்காதும்மா. இதைப் போட்டவன் கையில காப்பு இல்லை. ஆனா இவர் காப்பைப் பார்த்தேன், அது மேலயே பட்டன் போட்டேன்கிறார். அப்படின்னா அன்னிக்கு இவர் கோபியைப் பார்க்கவே இல்லை. காப்புன்னா வெறும் கயிறுன்னு நினைச்சுட்டார். அந்தக் கோயில் இவர் வீட்டுக்கு ஒரு தெரு தள்ளி இருக்கு. ஒரு தடவையாவது போயிருந்தா இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டார்.”

அவர் கிரண்குமார் பக்கம் திரும்பினார். “தம்பி, டார்ச்சோட நீங்க கூட்டத்துக்கு முன்னால நின்னதை எல்லாரும் பார்த்திருக்காங்க. வழக்கமா கேட்ல நிக்கிற உங்க முதலாளி அன்னிக்கு எங்க நின்னார்?”

கிரண்குமார் தரையைப் பார்த்தான். “கேட்ல யாரும் இல்ல சார். நான்தான் தெறந்தேன். கோபி வரல, நான் பார்த்துக்கறேன், நீ கூட்டத்த உள்ள கூட்டிக்கினு வான்னு போன்ல சொன்னாரு.”

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, பிழைப்பு போய்விடும் என்று பயந்ததாகச் சொன்னான்.

ஹரிபிரசாத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். வேன் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள், பேய் இல்லாமல் திருப்பி அனுப்பக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அவனே அங்கியை மாட்டிக்கொண்டான். எங்கே நின்று பாய வேண்டும் என்று பழகியிருந்தது கோபிக்குத்தான். ஹரிபிரசாத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“அந்தப் பொண்ணு உள்ளேருந்து கூப்பிட்டுது. நீங்க எட்டிப் பார்த்தீங்க,” என்றார் ஏகாம்பரம்.

ஹரிபிரசாத் ஆமாம் என்று தலையசைத்தான்.

கோபியின் நற்சான்றுக்கு இனித் தடை இல்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். கோபி தலையைக் குனிந்து அழுதான். ஜீப்பில் ஏறும் முன் ஹரிபிரசாத் மணியம்மாவின் எதிரில் நின்றான்.

“வேற யார் பேரைச் சொன்னாலும் ஊர்ல நாலு பேர் கேள்வி கேப்பாங்க. இவன் பேரைச் சொன்னா யாரும் கேக்கமாட்டாங்கன்னு நெனச்சிட்டேன் அக்கா.”

அவன் வாயில் அந்த ‘அக்கா’ வந்தது அன்றுதான் முதல் தடவை. மணியம்மா அவனை நேராகப் பார்த்தாள்.

“நீ நெனச்சது சரிதான். ஊர்ல ஒருத்தரும் கேக்கல. நான்தான் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.”