பதினேழாம் பாக்கெட்

உப்பிப்போன பாக்கெட் தானாக வடியாது. கெட்டுப்போய்க் கடைகளிலிருந்து திரும்பி வரும் இறைச்சிப் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்தே நாலு வருடமாகப் புகார் பிரிவில் பிழைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? சாப்பிடப் போகும்போது தலையணை மாதிரி உப்பியிருந்த பதினேழாம் எண், திரும்பி வந்தபோது தட்டையாகக் கிடந்தது. ஓட்டை எதுவும் இல்லை. ஓரத்து ஒட்டும் பிரியவில்லை.

“சாயங்காலத்துக்குள்ள நாப்பது பாக்கெட்டும் முடிஞ்சாகணும்,” என்றார் கதவருகே நின்ற மேலாளர். அவருக்குப் புகார் பிரிவுக்காரர்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். “நடுவுல எழுந்து ஓடினீங்கன்னா இது மூணாவது தடவை. அப்புறம் வேலை இல்லம்மா. என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

இரண்டு முறை ஓடியிருக்கிறாள். நெஞ்சை அடைத்து, விரல்கள் மரத்து, செத்தே போகிறோம் என்று படிக்கட்டில் உட்கார்ந்து நடுங்கியிருக்கிறாள்.

அவர் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. அதற்கடியில் தேங்கிய நீரின் வாடையும், காலையில் பிரித்த பதினாறு பாக்கெட்டுகளின் வாடையும், அதையெல்லாம் கழுவிய மருந்தின் வாடையும் ஒன்றாகக் கலந்து, அவள் தலைமுடியில், சட்டைக் கழுத்தில், நாக்கின் அடியில்கூடப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முகக்கவசம் போடக் கூடாது. படிவத்தில் ‘வாடை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மோந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். இதெல்லாம் ஒரு பிழைப்பா, த்தூ.

நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. நர்ஸாக இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“வந்துருச்சாடி? ஒண்ணும் ஆகாது. நான் எண்ணுறேன். மூக்கால இழு, நாலு. நிறுத்து, நாலு. வாயால விடு, நாலு.”

இழுத்தாள். அழுகல் வாடை தொண்டைவரை இறங்கியது. வேறு வழியில்லாமல் அதை உள்ளேயே நாலு எண்ணும்வரை வைத்திருந்தாள். விட்டாள்.

பதினேழு உப்பியது.

கண்ணைக் கசக்கப் போய், கையுறை ஞாபகம் வந்து நிறுத்தினாள். மறுபடி இழுத்தாள். பாக்கெட் அமுங்கியது. விட்டாள். உப்பியது. அவள் விட்டதை அது வாங்கிக்கொண்டது. அது விட்டதை?

காலையிலிருந்து அதைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஓரத்து ஒட்டு மெல்லப் பிளந்தது. உதடு மாதிரி. ஈரமாக. வெதுவெதுப்பான காற்று மணிக்கட்டில் பட்டது.

ஓடிவிடலாம். வேலை போகும். போய்த் தொலையட்டும். கால் எழவில்லை.

இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்தினாள். கையுறையின் பிசுக்கு உதட்டில் ஒட்டியது. பொத்திய கையை எடுக்கவில்லை. மூச்சு விடவில்லை. துளியும் விடவில்லை.

பாக்கெட் சீரான மூச்சுச் சத்தத்தோடு உப்பியது. அமுங்கியது. உப்பியது.

மேஜைமேல் கிடந்த போனில் அக்கா நிம்மதியாகச் சிரித்தாள்.

“அப்படித்தான்டி செல்லம். இப்பத்தான் நல்லா மூச்சு விடுற.”