விரிசலின் அளவு

விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிப் பட்டை உடைந்திருந்தது. சுவர் அசைந்தால் உடையட்டும் என்றுதான் அதை ஒட்டுவது. ஆனால் விரிசல் விரியவில்லை. போன முறை சுண்டுவிரல் நுழைந்த இடத்தில் இப்போது நகம்கூட நுழையவில்லை.

அவளுக்கு அழுகையே வந்தது. பழைய கட்டடங்களின் நிலையையும், ஊராருக்கு அவை என்னவாக இருந்தன என்பதையும் மதிப்பிட்டு எழுதித்தருவது அவள் வேலை. இந்தப் பழைய பதிவு அலுவலகத்தின் அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இன்னொரு முறை வந்தால் வேலை போய்விடும். வெளியே வந்து மேலதிகாரியைப் போனில் அழைத்தாள்.

"சார், இன்னும் குறைஞ்சிருக்கு."

"இடியப்போற சுவரு தானா கூடுமாம்மா? வயசு திரும்புதா அதுக்கு? இருட்டுறதுக்குள்ள ஒழுங்கா அளந்து அனுப்பு."

தான்தான் தப்பாக அளக்கிறோமோ என்று அவளுக்கும் தோன்றியது. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. தெருவில் விசாரித்ததும் இதே லட்சணம்தான். எதிர்க்கடைத் தையல்காரர் மாடி ஜன்னலைப் பற்றியே பேசினார். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைபார்த்த குமாஸ்தா அம்மாள், மழை வந்தால் துணியை உள்ளே எடுக்கச் சொல்லிக் குரல் கொடுப்பாராம். தெருப்பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது. அடைத்த தடமும் இல்லை. ஞாபகப் பிசகு என்று குறித்துக்கொண்டாள்.

காவலாளியிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டாள். துணைக்கு வரச் சொன்னதற்கு அவர் தலையாட்டி மறுத்தார். "வாசலைப் பாத்துக்கத்தாம்மா எனக்குச் சம்பளம்."

நுழையும்போது கதவு நிலையில் தோள்பை இடித்தது. எரிச்சலோடு பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எலிப்புழுக்கையும் நனைந்த காகிதமும் வௌவால் எச்சமும் கலந்த பழைய நாற்றத்துக்கு மேலே, ஆண்டுக்கணக்கில் யாரும் கொத்துவேலை செய்யாத அந்தக் கூடத்தில், அப்போதுதான் பூசியதுபோல் ஈரச் சுண்ணாம்பின் மணம் தொண்டையை அரித்தது. மாடிக்கு ஏறினாள். ஜன்னல் இல்லை என்பதையாவது ஒழுங்காகப் படம் எடுத்துவிடலாம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால்தான் மேடு பள்ளம் தெரியும்.

தெரிந்தது. ஆளுயரச் சதுரம். ஓரங்கள் உப்பி, நடுவில் வழவழப்பாக, ஆறிப்போன புண்ணின் தழும்பு போல.

கை வைத்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

விரிசல் மூடிக்கொண்டு வருகிறது. ஜன்னலும் அப்படித்தான் மூடியிருக்கிறது. இந்தக் கட்டடத்துக்கு எல்லாத் திறப்பும் புண்தான்.

வாசல்.

படிகளில் ஓடினாள். கூடத்தின் கோடியில் வெளிச்சம் ஒரு கீற்றாக நின்றது. அதற்கப்பால் காவலாளியின் சட்டை, காக்கி நூல்போல.

"அண்ணே, கதவு!"

அவர் திரும்பியது தெரிந்தது. ஏதோ கத்தினார். காதில் விழவில்லை.

கீற்று நூலானது. அணைந்தது.

டார்ச்சும் கைதவறி விழுந்து அணைந்தது. இருட்டில் சுவரைத் தடவினாள். மேடில்லை. பள்ளமில்லை. ஈரம் மட்டும். இங்கே. இல்லை, இங்கே.

நிறுத்தினாள். மூச்சையும்.

தடவும் சத்தம் நிற்கவில்லை. கூடத்தின் மறுகோடியிலிருந்து, சுவரை ஒட்டியே, இன்னொரு உள்ளங்கை பொறுமையாகத் தடவிக்கொண்டு அவள் பக்கம் வந்தது.